இரண்டு மெனு, இரண்டு நிறம்: அயானிக்கில் தனித்தனி மெனுவுக்கு சிஎஸ்எஸ் ஏறாதபோது

நெல்லை சந்திப்பிலிருந்து மேற்கே செங்கோட்டைக்கு ஒரு ரயில் பாதை போகிறது, கிழக்கே திருச்செந்தூருக்கு ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு கால அட்டவணை ஆப் செய்வதாக வைத்துக்கொள்வோம். இடப்பக்க மெனுவில் பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று தொடங்கித் தென்காசி, செங்கோட்டை வரை. வலப்பக்க மெனுவில் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் என்று திருச்செந்தூர் வரை. வரைபடத்திலும் மேற்கு இடப்பக்கம், கிழக்கு வலப்பக்கம். மேற்கு மெனு மலைப் பச்சையிலும் கிழக்கு மெனு கடல் நீலத்திலும் இருந்துவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர் எழுத்தைப் படிப்பதற்கு முன்பே எந்தப் பாதையில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார்.

கேட்கும்போது இது எளிய வேலைதான். வெப் நுட்பங்களைக் கொண்டு மொபைல் ஆப் செய்ய உதவும் அயானிக்கில் (Ionic) இதைச் செய்ய உட்கார்ந்தால் இரண்டு மெனுவும் ஒரே நிறத்தில் வந்து நிற்கும், அல்லது நிறம் மெனுவை விட்டுவிட்டுத் திரை முழுக்கப் பரவும், அல்லது எதுவுமே நடக்காது. காரணம், 2019 ஜனவரியில் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து அயானிக் வெப் காம்பொனென்ட்களால், அதாவது அமைப்பையும் தோற்றத்தையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும் தனிக் குறிச்சொற்களால், ஆனது. மெனு, தலைப்புப் பட்டை, பட்டியலின் ஒவ்வொரு வரிசை என்று பலவும் தனக்குள் ஒரு ஷேடோ டாம், அதாவது வெளிச் சிஎஸ்எஸ் நுழையாதபடி மூடிய உள் அமைப்பு, வைத்திருக்கின்றன. வெளியே நாம் எழுதும் செலக்டர் (விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பகுதி) அந்த எல்லையைத் தாண்டி உள்ளே போகாது. உள்ளே போவதற்கென்று திறந்துவைத்த வழிகள் மூன்று: இரட்டைக் கோட்டில் தொடங்கும் சிஎஸ்எஸ் மாறிகள், பார்ட் என்ற செலக்டர், எழுத்துரு மாதிரித் தானாக இறங்கும் பண்புகள். எந்தக் கோளாறுக்கு எந்த வழி என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

படிப்பதற்கு முன் ஒன்று. இங்கே அயான்-மெனு, அயான்-ஐட்டம் என்று ஒலிப்பில் எழுதியிருப்பவற்றைக் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மேற்கு, கிழக்கு என்ற கிளாஸ் பெயர்களை மட்டும் அப்படியே தமிழில் வைக்கலாம். சிஎஸ்எஸ் பெயர்களில் தமிழ் எழுத்துக்கு இடம் உண்டு, கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் போதும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இன்ஸ்பெக்டர்

மெனு மூடியிருக்கும்போது அது திரையில் வரையப்படுவதே இல்லை. ஆகவே மெனுவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரவுசரின் இன்ஸ்பெக்டரில் அயான்-மெனுவைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் ஷேடோ ரூட் என்று ஒரு கிளை தெரியும், அதையும் விரித்துக்கொள்ளுங்கள். இப்போது வலப்பக்கம் ஸ்டைல் பட்டியலில் நீங்கள் எழுதிய விதி என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

விதி பட்டியலிலேயே இல்லை என்றால் செலக்டர் பொருந்தவில்லை. விதி இருக்கிறது, ஆனால் மேலே கோடு அடித்திருக்கிறது என்றால் வேறொரு விதி அதை வென்றுவிட்டது. விதி கோடில்லாமல் இருக்கிறது, ஆனாலும் திரையில் மாற்றம் இல்லை என்றால், நிறம் விழுந்த இடத்தின்மேல் வேறொரு பரப்பு உட்கார்ந்திருக்கிறது.

இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இம்பார்ட்டன்ட் (மற்ற விதிகளை மீறச் சொல்லும் குறி) என்ற ஒரே மருந்தை மூன்றுக்கும் கொடுப்பவர்கள்தான் அதிகம். அது இரண்டாவது நிலைக்கு மட்டுமே ஏதோ செய்யும். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் எத்தனை முறை எழுதினாலும் பயன் கிடையாது. மெனு சிக்கல்களில் பெரும்பாலானவை முதல் நிலையிலோ மூன்றாம் நிலையிலோதான் இருக்கும்.

இரண்டு மெனுவும் ஒரே நிறத்தில் வருகின்றன

அயான்-மெனு என்ற குறிச்சொல்லையே செலக்டராக எழுதியிருப்பீர்கள். அது இரண்டையும் பிடிக்கும். கடைசியில் எழுதிய நிறம் இரண்டுக்கும் ஏறும்.

அப்புறம் ஐடி வைத்துப் பிரிக்கலாம் என்று போனால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அயானிக் கேட்கும் மெனு-ஐடி வேறு, எச்டிஎம்எல்லின் ஐடி வேறு. மெனு-ஐடி என்பது நிரலிலிருந்து இந்த மெனுவைத் திற, அந்த மெனுவை மூடு என்று கூப்பிடுவதற்கான பெயர். சிஎஸ்எஸ்ஸில் எண் குறி போட்டு எழுதினால் அது பொருந்தாது.

கிளாஸ் கொடுப்பதுதான் நல்லது. இடப்பக்க மெனுவுக்கு மேற்கு, வலப்பக்க மெனுவுக்கு கிழக்கு. சைடு என்ற பண்பை வைத்தும் செலக்டர் எழுத முடியும், ஆனால் நாளைக்கு யாராவது மெனுவை இடம் மாற்றினால் நிறமும் சேர்ந்து மாறிவிடும். பாதைக்குத்தான் நிறம், பக்கத்துக்கு இல்லை.

நிறம் மெனுவில் ஏறாமல் திரை முழுக்கப் பரவுகிறது

மேற்கு என்ற கிளாஸுக்கு பேக்கிரவுண்ட் என்று நேராக எழுதினால் இது நடக்கும். அயான்-மெனு என்கிற உறுப்பு நாம் நினைக்கிற அகலத்தில் இல்லை. திறந்ததும் அது திரை முழுவதையும் மூடி நிற்கும். கண்ணுக்கு மெனு என்று தெரிகிற பலகை அதற்குள்ளே ஷேடோ டாமில் இருக்கும் ஒரு பெட்டி. மீதி இடத்தை மங்கலாக்கும் திரையும் உள்ளேதான் இருக்கிறது.

அகலமும் அப்படித்தான். மேற்கு கிளாஸுக்கு விட்த் என்று எழுதினால் முழு உறுப்பும் சுருங்கும், மங்கல் திரையும் அதோடு சேர்ந்து சுருங்கிப் பாதியில் நின்றுவிடும். இரட்டைக் கோடு போட்ட --விட்த், --பேக்கிரவுண்ட் என்ற மாறிகளைக் கொடுங்கள். அவை உள்ளே இருக்கும் பலகைக்குப் போய்ச் சேரும்.

மாறியைக் கொடுத்தாச்சு, மெனு இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது

மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. இன்ஸ்பெக்டரில் விதி கோடில்லாமல் இருக்கும், உள்ளே பலகையும் பச்சையாகவே இருக்கும், கண்ணுக்கு மட்டும் வெள்ளை. அதாவது மேலே சொன்ன மூன்றாம் நிலை.

ஒரு வரிசையைக் கீழிருந்து மேலாக எண்ணிப் பாருங்கள். அடியில் அயான்-மெனுவின் பலகை. அதன்மேல் அயான்-கன்டென்ட்டின் பின்னணிப் பரப்பு. அதன்மேல் அயான்-லிஸ்ட். அதன்மேல் அயான்-ஐட்டத்துக்குள் இருக்கும் நேட்டிவ் என்ற பெட்டி. தலைப்புப் பக்கம் போனால் அயான்-டூல்பாரின் பரப்பு. இத்தனைக்கும் சொந்தமாக ஒரு பின்னணி நிறம் உண்டு. பத்தமடைப் பாயை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் மேல் பாயின் கோடுதான் தெரியும், அடிப்பாய் எந்த நிறமாக இருந்தால் என்ன?

மெனுவுக்குக் கொடுத்த --பேக்கிரவுண்ட் உள்ளே இருக்கும் அயான்-கன்டென்ட்டுக்குத் தானாக இறங்க வேண்டாமா என்று கேட்கலாம். இறங்கத்தான் செய்யும். ஆனால் அயான்-கன்டென்ட் தன் ஹோஸ்ட் விதியில் (காம்பொனென்ட் தன் மேலேயே எழுதிக்கொள்ளும் விதியில்) அதே பெயருள்ள மாறிக்குத் தனியாக மதிப்பு வைத்திருக்கிறது. பெற்றோரிடமிருந்து வந்த மதிப்பைவிட உறுப்பின்மேல் நேரடியாக இருக்கும் மதிப்பு வெல்லும். அதனால் நாம் அனுப்பியது வாசலோடு நின்றுவிடுகிறது.

அந்தத் தனி மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வழி கிடைக்கும். அயான்-கன்டென்ட் அதை --அயான்-பேக்கிரவுண்ட்-கலர் என்ற பொது மாறியிலிருந்து எடுக்கிறது. ஐட்டமும் லிஸ்ட்டும் முதலில் --அயான்-ஐட்டம்-பேக்கிரவுண்டைத் தேடும், அது இல்லாவிட்டால் அதே பேக்கிரவுண்ட்-கலருக்குப் போகும். டூல்பாருக்கு --அயான்-டூல்பார்-பேக்கிரவுண்ட். இந்தப் பொது மாறிகளை ஆப் முழுவதற்கும் ரூட்டில், அதாவது ஆவணத்தின் உச்சி உறுப்பில், எழுதுவதுதான் வழக்கம். அவற்றை ஒரு மெனுவின்மேல் மட்டும் மறுபடி எழுதிவிட்டால், அந்த மெனுவுக்குள் இருக்கும் எல்லாமே புது மதிப்பை எடுத்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் கெடாது.

.மேற்கு {
  --அயான்-பேக்கிரவுண்ட்-கலர்: #114422;
  --அயான்-ஐட்டம்-பேக்கிரவுண்ட்: #114422;
  --அயான்-டூல்பார்-பேக்கிரவுண்ட்: #003311;
  --அயான்-டெக்ஸ்ட்-கலர்: ஒயிட்;
  --அயான்-டூல்பார்-கலர்: ஒயிட்;
}

கிழக்குக்கும் இதே ஐந்து வரிதான், நிறம் மட்டும் #003355, #002244 என்று மாறும். இரண்டு மெனுவின் உள்ளேயும் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. தனி மெனுவுக்குத் தனி நிறம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிச் செலக்டர் எழுதினாலும் நிறம் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் பிறகு யாராவது மெனுவில் ஒரு தேடல் பட்டையோ புது வரிசையோ சேர்த்தால் அது மட்டும் வெள்ளையாக நிற்கும், அதற்கென்று இன்னொரு செலக்டர் எழுத வேண்டியிருக்கும்.

தனி நிறமாக இல்லாமல் மேலிருந்து கீழ் மங்கிக்கொண்டே வரும் நிறக்கலவையோ, பொதிகை மலையின் படமோ வேண்டுமென்றால் இந்த வழி உதவாது. கலவையைப் பொது மாறியில் வைத்தால் ஒவ்வொரு வரிசையும் அதைத் தனக்கென்று முதலிலிருந்து வரையும். பதினைந்து நிலையத்துக்குப் பதினைந்து மலை வந்துவிடும். அப்போது மேல் அடுக்குகளைக் கண்ணாடியாக்க வேண்டும். மேற்கு மெனுவுக்குள் இருக்கும் கன்டென்ட்டுக்கும் ஐட்டத்துக்கும் --பேக்கிரவுண்ட் டிரான்ஸ்பரன்ட். லிஸ்ட்டுக்கு ஷேடோ டாம் கிடையாது, அதற்குக் கோடு போடாத சாதாரண பேக்கிரவுண்டே டிரான்ஸ்பரன்ட். படத்தை மெனுவின் --பேக்கிரவுண்டில் ஒருமுறை வைத்தால் போதும்.

எல்லாம் மாறிவிட்டது, தலைப்புப் பட்டை மட்டும் மாறவில்லை

டூல்பாரில் கலர் என்ற பண்பு, பிரைமரி என்றோ வேறெதுவோ, எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்தப் பண்பு இருந்தால் அயானிக் மாறியைக் கேட்காமல் அந்த நிறத்தையே பூசிவிடும். பண்பை எடுத்துவிடுங்கள். ஐட்டத்துக்கும் இதே கதைதான்.

பகலில் சரியாக இருக்கிறது, டார்க் மோடில் வரிசைகள் கறுப்பாகின்றன

மேலே உள்ள ஐந்து வரியில் இரண்டாவதைத் தேவையில்லை என்று விட்டிருப்பீர்கள். பகல் தோற்றத்தில் --அயான்-ஐட்டம்-பேக்கிரவுண்ட் என்பதற்குப் பொதுவாக மதிப்பு எதுவும் வைப்பதில்லை, அதனால் வரிசைகள் பேக்கிரவுண்ட்-கலரை எடுத்துக்கொண்டு பச்சையாக வந்துவிடும். இரண்டாவது வரி இல்லாத குறை தெரியவே தெரியாது. டார்க் தோற்றத்துக்கான கோப்பு அந்த மாறிக்கும் டூல்பாருக்கும் தனி மதிப்பு வைக்கிறது. ராத்திரி திறந்து பார்த்தால் பச்சைப் பலகையில் கறுப்புக் கட்டங்கள். ஐந்தையும் எழுதிவிட்டால் எந்த மோடிலும் மெனு தன் நிறத்திலேயே இருக்கும்.

ஒரு மாறியை மெனுவில் மாற்றினால், அதைச் சார்ந்த இன்னொன்று மாற மறுக்கிறது

இது கொஞ்சம் நுணுக்கமானது. ரூட்டில் பாதை-நிறம் என்று ஒரு மாறி வைத்திருக்கிறீர்கள். அடுத்த வரியில் பாதை-கோடு என்ற மாறி, அதன் மதிப்பு பாதை-நிறத்தைச் சுட்டுகிறது. இப்போது மேற்கு மெனுவில் பாதை-நிறத்தை மட்டும் பச்சையாக்குகிறீர்கள். பாதை-கோடும் பச்சையாகும் என்று எதிர்பார்ப்போம். ஆகாது.

பாதை-கோட்டின் மதிப்பு ரூட்டில் எழுதப்பட்டது, ஆகவே ரூட்டிலேயே கணக்கிட்டு முடிந்துவிட்டது. மெனுவுக்கு இறங்கி வருவது அந்த முடிந்த விடை. சூத்திரம் இறங்கி வருவதில்லை. சார்ந்திருக்கும் மாறியையும் மெனுவின்மேல் மறுபடி ஒருமுறை எழுதுங்கள். அல்லது இரண்டு மெனுவுக்கும் பாதை என்று ஒரு பொது கிளாஸ் கொடுத்து, சார்ந்த மாறிகளை ரூட்டில் வைக்காமல் அந்தக் கிளாஸில் வையுங்கள். அப்போது கணக்கு ஒவ்வொரு மெனுவிலும் தனித்தனியாக நடக்கும்.

பார்ட், என்ஜி-டீப், இம்பார்ட்டன்ட் எல்லாம் எழுதியும் அசையவில்லை

பாளையங்கோட்டையில் எங்களோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இதே நிலையில்தான் வந்தார். "அண்ணாச்சி, என்ஜி-டீப் போட்டாச்சு, இம்பார்ட்டன்ட்டும் போட்டாச்சு. இன்னும் என்னதான் செய்யணும்?" என்றார். "போட்டதை எல்லாம் முதல்ல எடுப்பா" என்றேன். எடுத்த பிறகு மிஞ்சிய ஒற்றை வரியில் கோளாறு தெளிவாகத் தெரிந்தது: பார்ட்டுக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு இன்னொரு செலக்டர்.

பார்ட் என்பது, ஷேடோ டாமுக்குள் காம்பொனென்ட்டை எழுதியவர் பெயர் வைத்துவிட்ட பகுதிகளை மட்டும் தொடுவதற்கான வழி. குரோம் 73, பயர்பாக்ஸ் 72, சஃபாரி 13.1 ஆகிய பதிப்புகளிலிருந்து வேலை செய்கிறது. அயான்-மெனுவில் பெயர் வைத்த பகுதிகள் இரண்டு: கன்டெய்னர் என்பது பலகை, பேக்டிராப் என்பது மங்கல் திரை. கிழக்கு மெனுவின் பலகைக்கு நிழல் வேண்டாம் என்றால்:

.கிழக்கு::பார்ட்(கன்டெய்னர்) {
  பாக்ஸ்-ஷேடோ: நன்;
}

உள்ளே ஏற்கெனவே நிழல் எழுதியிருந்தாலும் வெளியிலிருந்து வரும் இந்த விதிதான் வெல்லும், இம்பார்ட்டன்ட் தேவையே இல்லை. பார்ட்டுக்குப் பின்னால் ஹோவர் மாதிரி ஒன்றை ஒட்டி எழுதலாம். ஆனால் இடைவெளி விட்டு, அதற்குள் இருக்கும் ஐகான், அதற்குள் இருக்கும் லேபிள் என்று இறங்க முடியாது. பகுதியின் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் பிரவுசர் எச்சரிக்காது, பேசாமல் இருந்துவிடும். அதனால் பெயரை நினைவிலிருந்து எழுதாமல் இன்ஸ்பெக்டரில் பார்ட் என்ற பண்பைப் பார்த்து எழுதுங்கள்.

என்ஜி-டீப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது ஆங்குலர் (அயானிக்கோடு சேர்த்துப் பயன்படும் ஒரு ஃபிரேம்வொர்க்) தானாகப் போடும் வேலியைத்தான் எடுக்கும், பிரவுசரின் ஷேடோ டாம் எல்லையை அதனால் தொடக்கூட முடியாது. இணையத்தில் கிடைக்கும் பழைய விடைகளில் மூன்று அம்புக்குறியும், சாய்கோடுகளுக்கு நடுவே டீப் என்றும் எழுதியிருப்பார்கள். 2017 டிசம்பரில் வந்த குரோம் 63இலேயே அவற்றை எடுத்துவிட்டார்கள். அவற்றை நகலெடுத்துப் போடுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. காற்புள்ளி போட்டு எழுதிய செலக்டர் பட்டியலில் ஒன்று செல்லாதது என்றால் பிரவுசர் அந்த விதி முழுவதையும் தள்ளிவிடும். சரியாக எழுதிய செலக்டரும் அதோடு சேர்ந்து போய்விடும்.

நீங்களே ஒரு காம்பொனென்ட் எழுதி, அதன் ஷேடோ டாமுக்குள் அயான்-மெனுவை வைத்திருந்தால் வெளியிலிருந்து எழுதும் பார்ட் இரண்டு எல்லை தாண்டாது. எக்ஸ்போர்ட்பார்ட்ஸ் என்ற பண்பால் அந்தப் பெயர்களை வெளியே அனுப்ப வேண்டும். மெனுவைப் பொறுத்தவரை அப்படி வைக்காமலிருப்பதே நல்லது. கன்டென்ட்-ஐடியில் சொன்ன பகுதியை அயானிக் ஆவணத்தில்தான் தேடுகிறது, ஷேடோ டாமுக்குள் அதைக் கண்டுபிடிக்காது.

பக்கத்தின் கோப்பில் எழுதினால் விதியே பட்டியலில் வரவில்லை

ஆங்குலரில் ஒவ்வொரு காம்பொனென்ட்டின் சிஎஸ்எஸ்ஸும் அதன் சொந்த டெம்ப்ளேட்டில் உள்ள உறுப்புகளுக்கு மட்டும் பொருந்தும். மெனு இருப்பது ஆப் காம்பொனென்ட்டில். தென்காசி பக்கத்தின் கோப்பில் மெனுவுக்கு எழுதினால் அது யாருக்கும் பொருந்தாத விதி. வியூ (Vue) என்ற ஃபிரேம்வொர்க்கில் ஸ்கோப்டு என்று போட்டாலும் இப்படித்தான். மெனு நிறங்களை குளோபல் கோப்பில் வைத்துவிடுங்கள். ஆப் முழுவதற்கும் பொதுவான ஒன்றுக்கு அதுவே சரியான இடம்.

போனில் அகலம் சரி, லேப்டாப்பில் கேட்கவில்லை

ஸ்ப்ளிட்-பேன் போட்டிருப்பீர்கள். வேறு அளவு சொல்லி வைக்காவிட்டால் திரை 992 பிக்சலைத் தொட்டதும் மெனு நிரந்தரப் பக்கப் பலகையாகிவிடும். அப்போது அகலம் அயான்-ஸ்ப்ளிட்-பேனுடைய பொறுப்பு: --சைடு-விட்த், --சைடு-மின்-விட்த், --சைடு-மேக்ஸ்-விட்த். இவற்றில் கடைசி இரண்டுக்கும் ஏற்கெனவே 270 பிக்சல், 28 சதவீதம் என்று மதிப்பு உண்டு. --சைடு-விட்த்தை மட்டும் 400 ஆக்கிவிட்டு ஏன் ஏறவில்லை என்று தேடுகிறவர்கள் 28 சதவீதத்தைப் பார்ப்பதில்லை. மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

தேர்ந்தெடுத்த நிலையம் தனியாகத் தெரியவில்லை

ஐட்டத்துக்கு நேரடி பேக்கிரவுண்ட் எழுதினால் அது நேட்டிவ் பெட்டியின் அடியில் மறைந்துவிடும். செலக்டட் கிளாஸ் உள்ள ஐட்டத்துக்கு --பேக்கிரவுண்ட், --கலர் என்ற மாறிகளைக் கொடுங்கள். வரிசையில் நாம் வைத்த ஐகானும் லேபிளும் ஷேடோ டாமுக்குள் இல்லை, வெளியே இருந்து ஸ்லாட்டில் வந்து உட்காருபவை. அவற்றைச் சாதாரணச் செலக்டரிலேயே பிடிக்கலாம்.

தேர்ந்தெடுத்த வரிசையை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். பங்குனி வெயிலில் அம்பாசமுத்திரம் பிளாட்பாரத்தில் நின்று போனைப் பார்க்கிறவருக்குப் பச்சைமேல் இளம்பச்சை தெரியவே தெரியாது. எழுத்தைத் தடிமனாக்கி, இடது ஓரத்தில் ஒரு கோடும் வையுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு இருக்கிறதா என்பதை இன்ஸ்பெக்டரே காட்டிவிடும்.

மெனுவிலிருந்து திறக்கும் சிறு பாப்ஓவர் மட்டும் வெள்ளை

ஒரு நிலையத்தின் ஓரத்தில் மூன்று புள்ளி வைத்து, அதைத் தொட்டால் பாப்ஓவர் திறப்பதாக எழுதியிருக்கலாம். டெம்ப்ளேட்டில் அது மெனுவுக்குள்ளேதான் இருக்கும். திறக்கும்போது அயானிக் அதை எடுத்து அயான்-ஆப்பின் அடியில் வைத்துவிடும். மேற்கு மெனு அதற்குப் பெற்றோர் இல்லை என்று ஆகிவிடுவதால் மாறிகள் இறங்காது, மேற்கு என்று தொடங்கும் செலக்டரும் பொருந்தாது. பாப்ஓவருக்கே ஒரு கிளாஸ் கொடுத்து, அதே ஐந்து வரியை அந்தக் கிளாஸுக்கும் சேர்த்து குளோபல் கோப்பில் எழுதிவிடுங்கள்.

ஊர்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது

நம் பக்கத்து ஊர்ப் பெயர்களை மெனுவில் வைக்கும்போது இதிலிருந்து தப்பிக்கவே முடியாது. கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்திருநகரி, திருநெல்வேலி டவுன் என்று எல்லாமே நீளம். லேபிள் ஒரே வரியில் நிற்கும்படி அமைந்திருந்தால் பெயரின் வால் மூன்று புள்ளியாகிவிடும்.

அகலத்தைக் கூட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். மெனுவின் இயல்பான அகலம் 304 பிக்சல். 360 பிக்சல் அகலப் போனில் மீதி 56தான். அந்த மீதி இடத்தைத் தொட்டுத்தான் மெனுவை மூடுகிறார்கள். 340 ஆக்கிவிட்டால் மூடுவதற்குக் கட்டைவிரல் வைக்க இடமிருக்காது. லேபிளுக்கு அயான்-டெக்ஸ்ட்-ராப் என்ற கிளாஸைக் கொடுத்து இரண்டு வரியாக மடங்க விடுவது அதைவிட நல்லது. எழுத்தைச் சிறிதாக்கும் யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள். மெனுவைத் திறந்து ஊர் தேடுகிறவர்களில் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

அடுத்து, எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்படுவது. ஸ்ரீவைகுண்டத்தைத்தான் இதற்குச் சோதனைப் பெயராக வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீயின் மேற்சுழியும் குவின் கீழ்வளைவும் முழுதாகத் தெரிந்தால் மற்ற பெயர்கள் எல்லாம் தெரியும். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த வரி உயரத்தில் தமிழ் முட்டிக்கொள்ளும், லேபிள் தன் பெட்டிக்கு வெளியே வருவதை மறைத்துவிடும். மெனுவில் லைன்-ஹைட்டை 1.6 அளவுக்கு ஏற்றுங்கள். எழுத்துருவைக் கைப்பேசியின் விருப்பத்துக்கு விட்டால் ஆண்ட்ராய்டில் ஒன்று, விண்டோஸில் ஒன்று, ஐபோனில் ஒன்று என்று வரும். உயரமும் ஒவ்வொன்றிலும் மாறும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒன்றை ஆப்போடு சேர்த்து, --அயான்-ஃபான்ட்-ஃபேமிலியில் பெயரைக் கொடுத்துவிடலாம். எழுத்துரு ஷேடோ எல்லையைத் தாண்டி இறங்கும். ஆனால் ஃபான்ட்-ஃபேஸ் அறிவிப்பைக் காம்பொனென்ட்டுக்குள் வைக்காதீர்கள், ஆவணத்தின் பொதுக் கோப்பில் வைத்தால்தான் பிரவுசர் எடுத்துக்கொள்ளும்.

இத்தனையும் செய்த பிறகும் நீளமாக நிற்கும் பெயர்களுக்கு ஊர்க்காரர்களே வழி வைத்திருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்தை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, அம்பை. சேரன்மகாதேவி சேர்மாதேவி, கல்லிடைக்குறிச்சி கல்லிடை, பாளையங்கோட்டை பாளை. மெனுவின் லேபிளில் இந்தப் பெயர்களை வைக்கலாம், சிஎஸ்எஸ் ஒன்றும் தேவைப்படாது. வெளியூரிலிருந்து குற்றாலச் சீசனுக்கு வருகிறவருக்கு அம்பை என்றால் புரியாமல் போகலாம். அதற்காக லேபிளுக்குள் இரண்டாவது வரியாக, சற்று மங்கலான நிறத்தில், ரயில் நிலையப் பலகையில் உள்ள முழுப் பெயரையும் வைத்துவிடுங்கள். அந்த மங்கல் நிறத்துக்கும் 4.5 இருக்கிறதா என்று இரண்டு மெனுவிலும் தனித்தனியாகப் பாருங்கள். பச்சையில் தேறிய சாம்பல் நீலத்திலும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தேடல் பெட்டியில் அம்பை என்று தட்டினாலும் அம்பாசமுத்திரம் என்று தட்டினாலும் அதே நிலையம் வர வேண்டும்.